அம்மா சொல்லாததும் மெசின் சொல்லாததும்

அம்மாவிடம் எந்த டொக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான். "நல்லா இருக்கேங்க டொக்டர்." அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிடக் கூடாதென்று காய்ச்சலோடும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவர் அவர். தோட்ட ஆஸ்பத்திரியில் தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பேச்சைச் சுருக்கிப் பழகியவர். அப்படிப்பட்டவர் கண்டியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் முன்னால் உட்கார்ந்து, ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறேன் என்று சொல்லவே மாட்டார்.

அதனால்தான், தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதுகிற சிபாப் மெசினின் டேட்டாவை டொக்டரிடம் கொண்டுபோவது பற்றி எழுதுகிறேன். நம்ம மலையகத்தில் சிபாப் மெசின் இருக்கிற வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகின்றன. லட்சக்கணக்கில் கடன்பட்டு வாங்கியதோ, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பியதோ, மெசின் வந்துவிடுகிறது. ஆனால் கிளினிக்குக்குப் போகும்போது பெரும்பாலானவர்கள் மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோகிறார்கள். மெசினுக்குள் ஒவ்வொரு ராத்திரியும் பதிவாகி இருக்கிற கணக்கு வீட்டிலேயே கிடக்கிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்லீப் அப்னியா என்பது தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம். 10 செக்கனாவது மூச்சு நின்றால் ஒரு நிகழ்வு. மூச்சு முழுதாக நிற்காமல் வெகுவாகக் குறைவதும் கணக்கில் சேரும். ஒரு மணித்தியாலத்துக்கு இப்படி எத்தனை என்பதைத்தான் ஏ.எச்.ஐ. என்கிறார்கள். 5க்குக் கீழே என்றால் சாதாரணம், 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மூக்கின் வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்பதை 1981இல் அவுஸ்திரேலியாவில், சிட்னியில் கொலின் சலிவனும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். அந்தக் கால மெசின் காற்றை ஊதியதோடு சரி. இப்போது வருகிறவை பல, ஊதுவதோடு மட்டும் நிற்காமல் ஒவ்வொரு மூச்சையும் பதிந்து வைக்கின்றன.

அம்மாவுக்கு இந்த வருத்தம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பெரியம்மா. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். "ஒங்கம்மா குறட்டை விடுது, அப்புறம் சத்தமே இல்ல, நான் எந்திரிச்சு உக்காந்து எப்ப மூச்சு வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். அம்மாவுக்கு அது பெரிய வெட்கமாகிவிட்டது. பொம்பிளை குறட்டை விடுகிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கவலைதான் அவருக்கு. காலையில் தலையிடி, மருந்துக்கு அடங்காத பிரஷர், பகலில் அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது, இதெல்லாம் வயசுக் களைப்பு என்றே போய்க்கொண்டிருந்தது. பெண்களில் இந்த வருத்தம் பல நேரம் குறட்டையை விடக் களைப்பாகவும் தூக்கம் வராமையாகவும் மனச்சோர்வாகவுமே வெளியே தெரியும். அதனால் பலருக்குப் பிந்தித்தான் பிடிபடுகிறது. குறட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அதைச் சிரிப்பாக எடுக்கிற எல்லாரிடமும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெசின் வந்து கொஞ்ச நாளில் காலையில் அதன் சின்னத் திரையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்களுடையது ரெஸ்மெட் எயார்சென்ஸ் 10, டொக்டர் வைத்த குறைந்தபட்சத்துக்கும் உச்ச வரம்புக்கும் இடையில் அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கிற வகை. எத்தனை மணித்தியாலம் பாவித்தது, மணிக்கு எத்தனை நிகழ்வு, மாஸ்க் பொருத்தமாக இருந்ததா என்று காட்டும், நல்லதென்றால் ஒரு சிரித்த முகமும் வரும். அம்மாவின் ஏ.எச்.ஐ. பெரும்பாலும் 3க்குப் பக்கத்தில்தான் நின்றது. அம்மாவும் நல்லா இருக்கேன் என்கிறார், மெசினும் நல்லா இருக்கு என்கிறது. ஆனால் காலைத் தலையிடி போகவில்லை, பிரஷரும் இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் விவரமான டேட்டா தேவைப்படுகிறது. திரையில் வருகிற ஏ.எச்.ஐ. மாஸ்க் போட்டிருந்த நேரத்துக்கு மட்டுமான சராசரி. மூன்று மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு ஆறு மணி வரை மூச்சுத் திணறித் தூங்கினால் அந்த மூன்று மணித்தியாலமும் கணக்கிலேயே வராது. அதுவும் விடியற்காலைதான் கனவுத் தூக்கம் அதிகம் வருகிற நேரம், அப்போது தொண்டைத் தசைகள் இன்னும் தளர்ந்துவிடும், பலருக்கு மூச்சு நிற்பது அந்த நேரத்தில்தான் கூடுகிறது. மோசமான பகுதியை விட்டுவிட்டு மீதிக்குப் போட்ட சராசரி நல்லதாகத்தானே இருக்கும்? இன்னொன்று கசிவு. மாஸ்க் விளிம்பாலோ திறந்த வாயாலோ காற்று நிறைய வெளியேறினால் மெசினுக்கு மூச்சின் வடிவம் ஒழுங்காகத் தெரியாது, நிற்பதைப் பிடிக்கத் தவறும். ரெஸ்மெட்டில் நிமிடத்துக்கு 24 லீட்டருக்கு மேல் போனால் பெரிய கசிவு என்று கணக்கு. அப்படிக் கசிந்த நேரத்தில் ஏ.எச்.ஐ. குறைவாக இருப்பதை வைத்து நிம்மதிப்பட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. மெசினுக்கு ஆள் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியாது. விழித்துப் புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடிப்பதையும் சில நேரம் நிகழ்வு என்று எண்ணிவிடும். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்றும் அது தானாக அளப்பதில்லை. ஆகவே மெசினின் எண்ணும் ஆஸ்பத்திரியில் செய்கிற தூக்கப் பரிசோதனையின் எண்ணும் ஒன்றல்ல. இதையெல்லாம் வாசித்து அறிந்த பிறகுதான், ஒற்றை எண்ணை மட்டும் டொக்டரிடம் சொல்வதில் அர்த்தமில்லை, ராத்திரி எப்படிப் போனது என்று காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

மெசினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அதற்குள் எஸ்.டி. கார்ட். கார்ட் போடாமல் ஓடினால் மொத்தக் கணக்கு மட்டும்தான் மெசினுக்குள் நிற்கும், மூச்சு மூச்சான விவரம் கார்டில்தான் இருக்கும். கம்பியூட்டரில் போடுமுன் கார்டின் ஓரத்தில் இருக்கிற குட்டி லொக்கைக் கீழே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பியூட்டர் அதில் ஏதாவது எழுதி மெசினுக்குக் கார்ட் புரியாமல் போகலாம். வேலை முடிந்ததும் லொக்கை மேலே தள்ளி மெசினில் திரும்பப் போட மறக்க வேண்டாம். ஒஸ்கார் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இன்டர்நெட்டில் எதையும் ஏற்றாமல் நம்ம கம்பியூட்டரிலேயே வைத்துப் பார்க்கலாம். எல்லா மெசினையும் அது வாசிக்காது, ரெஸ்மெட், பிலிப்ஸ் மாதிரிப் பரவலானவற்றை வாசிக்கும். தம்பியின் பழைய லெப்டொப்பில் அதைப் போட்டுக்கொண்டேன்.

முதல் தடவை அம்மாவின் ஒரு ராத்திரியை விரித்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மேலே நிகழ்வுகளின் சின்னச் சின்னக் கோடுகள், அதற்குக் கீழே மூச்சின் அலை, அதன் கீழே அழுத்தம், கடைசியில் கசிவு. பத்தரை மணியில் இருந்து ஒன்றரை வரைக்கும் கசிவுக் கோடு தரையோடு தரையாகப் போகிறது, மூச்சு அழகாக ஏறி இறங்குகிறது. ஒன்றரைக்குப் பிறகு கசிவு திடீரென்று எழும்பி 24ஐத் தாண்டி, மேலேயே நிற்கிறது. அந்த நேரம் முழுக்க மூச்சின் அலை கசங்கிக் கிடக்கிறது, ஆனால் மேலே நிகழ்வுக் கோடு ஒன்றுகூட இல்லை. மூன்று மணிக்குச் சற்று முன்னால் எல்லாக் கோடும் ஒன்றாக அறுந்துபோகிறது. மாஸ்க்கைக் கழற்றிய இடம் அது. அடுத்த ராத்திரியும் அதே மாதிரி, அதற்கடுத்ததும் அதே மாதிரி. காலையில் அம்மாவிடம் வாய் காய்ந்திருந்ததா என்று கேட்டேன். "ஒட்டிக்கிச்சும்மா, தண்ணி குடிச்சாத்தான் நாக்கு அசையுது" என்றார். என்னிடம் சொல்கிறார், டொக்டரிடம் சொல்ல மாட்டார்.

கிளினிக்குக்கு நான் கொண்டுபோனது இரண்டே தாள். ஒன்றில் கடந்த மாதத்தின் மொத்தம்: தினமும் எத்தனை மணித்தியாலம், ஏ.எச்.ஐ., கசிவு, அழுத்தம். மற்றதில் ஒரு நல்ல ராத்திரியும் ஒரு மோசமான ராத்திரியும், ஒன்றுக்குக் கீழே ஒன்று. கலரில் பிரிண்ட் எடுங்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எந்தக் கோடு எது என்று தெரியாது. ஓரத்தில் கையால் குறிப்பு எழுதினேன்: இந்த நாளில் தடிமன், இந்த நாளில் கரண்ட் போனது, இந்த நாளில் இருந்து பிரஷர் மாத்திரை மாறியது. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கோடு தப்பான கதை சொல்லும். ஆடி மாதக் காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் கிராஃபில் அது மாஸ்க்கைக் கழற்றி வைத்த மாதிரியே தெரியும், ஒழுங்காகப் பாவிக்கவில்லை என்று டொக்டர் நினைத்துவிடுவார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதம் மெசின் வைத்திருந்தவர்களின் பதிவை இப்படி ஒரு குறிப்பு இல்லாமல் யார் பார்த்தாலும் பிழையாகத்தான் விளங்கிக்கொள்வார்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். இந்த மெசினுக்கு நாள் என்பது பகல் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் பகல் 12 மணிக்கு முடிகிறது. திங்கட்கிழமை விடியற்காலை மூச்சு முட்டி எழும்பியிருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைப் பதிவில்தான் இருக்கும். டொக்டரிடம் திங்கள் என்று சொல்லி அவர் திங்களை விரித்தால் அது அங்கே இருக்காது.

தாளின் மேலேயே கேள்வியை எழுதிவிட வேண்டும் என்பது என்னுடைய உறுதியான எண்ணம். டொக்டருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து பஸ்ஸில் போய், வாந்தியெடுத்துக் களைத்துப் போன நோயாளியை வைத்துக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்தில் நாற்பது பக்க ரிப்போர்ட்டை மேசையில் வைத்தால் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் எழுதியது ஒரு வரி: ஒன்றரைக்குப் பிறகு ஏன் கசிகிறது, அந்த நேரத்து ஏ.எச்.ஐ.யை நம்பலாமா? டொக்டர் சிங்களவர், அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், வாய் காய்வதையும் மூச்சு முட்டுவதையும் சொல்லப் போதாது. அதனால் குறிப்பைச் சிங்களத்தில் எழுதினேன்.

அவர் வழக்கம்போல அம்மாவிடம் கேட்டார், அம்மாவும் வழக்கம்போல நல்லா இருக்கேன் என்றார். பிறகு தாளைப் பார்த்தார். கசிவுக் கோட்டில் விரலை வைத்து மூன்று மணி வரை இழுத்துக்கொண்டு போய், அம்மாவின் பக்கம் திரும்பி, "மூக்கு அடைக்கிறதா?" என்று கேட்டார். அப்போதுதான் அம்மா முதல் தடவையாக ஆமாம் என்று தலையாட்டினார். மூக்கைப் பார்த்து ஸ்ப்ரே ஒன்று எழுதினார், மூக்குக்கு மட்டுமான மாஸ்க்குக்குப் பதிலாக வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் பாவிக்கச் சொன்னார். அம்மா பொய் சொன்னார் என்று யாரும் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். காட்டிக்கொடுக்கிற கடுதாசியாக அது ஆகிவிடுமோ என்று போகும்போது உள்ளுக்குள் பயந்திருந்தேன். டேட்டாவைக் கொண்டுபோகுமுன் நோயாளியிடம் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், அது அவருடைய மூச்சு. நான் காட்டினேன், அம்மா கோட்டைப் பார்த்து, "இவ்வளவு நேரமா கழட்டி வச்சிருந்தேன்?" என்று கேட்டார்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பலர் பயந்துவிடுவார்கள். புது மாஸ்க் போட்டு, கசிவு அடங்கி, அம்மா விடியும் வரை கழற்றாமல் தூங்கத் தொடங்கியதும் ஏ.எச்.ஐ. 3இல் இருந்து 7க்கு ஏறியது. வருத்தம் கூடிவிட்டதோ என்று தம்பி பதறினான். இதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விடியற்காலை நேரம் இப்போதுதான் எண்ணப்படுகிறது என்று அடுத்த கிளினிக்கில் டொக்டர் விளக்கி, குறைந்தபட்ச அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். பிறகு எண் இறங்கியது, காலைத் தலையிடியும் குறைந்துகொண்டே வந்தது.

அழுத்தத்தை நாமே மாற்றலாம் என்று யூடியூப்பில் நிறையப் பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லா நிற்றலும் தொண்டை அடைபடுவதால் வருவதில்லை. சில நேரம் தொண்டை திறந்தே இருக்கும், மூச்செடு என்ற கட்டளை மூளையில் இருந்து வராது. மெசினும் இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறித்துத்தான் காட்டுகிறது. இரண்டாவது வகையில் அழுத்தத்தைக் கூட்டினால் சிலருக்கு இன்னும் மோசமாகும். கிராஃபில் அந்த வகைதான் அதிகம் என்று தெரிந்தால் அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்காமல் டொக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு தொல்லை குளிர். மெசின் ஈரமாக்கி அனுப்புகிற சூடான காற்று குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராகி, கொளகொளவென்று சத்தம் போட்டு மூக்குக்குள் தெறிக்கும். மார்கழி, தை மாதங்களில் அம்மா விழித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய கம்பளிச் சால்வையை நீளமாக வெட்டிக் குழாய்க்கு உறை தைத்துப் போட்டேன், மெசினைக் கட்டிலை விடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வைத்தேன், ஈரப்பதத்தையும் ஒரு படி குறைத்தோம். எந்தத் தேதியில் உறை போட்டேன் என்பதையும் தாளில் குறித்தேன். உயரமான இடத்தில் மெசின் சரியாக வேலை செய்யுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். எயார்சென்ஸ் 10 கடல் மட்டத்தில் இருந்து 2,591 மீட்டர் வரைக்கும் தானாகச் சரிசெய்துகொள்ளும். நுவரெலியா 1,868 மீட்டர், பீதுருதாலகால மலை உச்சியே 2,524 மீட்டர்தான். அந்தக் கவலை வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வந்த பாவித்த மெசின் என்றால் இரண்டு விஷயம். முந்தின ஆளின் பதிவும் அவருக்கு வைத்த அழுத்தமும் அதற்குள் இருக்கலாம். அதை அழித்து, உங்கள் டொக்டர் சொன்ன அழுத்தத்தை வைத்துவிட்டுப் பாவிக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் டொக்டர் பார்ப்பது இன்னொருவருடைய ராத்திரியாக இருக்கும். அப்புறம், உள்ளே இருக்கிற பஞ்சு உதிர்கிறது என்பதற்காகப் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன்னுடைய மெசின்களில் பலவற்றைத் திரும்ப அழைத்தது. முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனும் அதில் அடக்கம். அந்தக் காலத்து மெசின் கைக்கு வந்திருந்தால் மொடல் நம்பரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிரிண்ட் எடுக்கக் கொமினிகேஷன் கடைக்குப் போகும்போது கார்டைக் கொடுக்காதீர்கள். தேவையான இரண்டு பக்கத்தை மட்டும் பீ.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோய், எடுத்த பிறகு அந்தக் கம்பியூட்டரில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதேதான். பெயர், அடையாள அட்டை நம்பர் எதுவும் தாளில் அச்சாக வேண்டியதில்லை, டொக்டர் முன்னால் பேனையால் எழுதிக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் ஊரில் நாலு பேர் பார்த்துப் பேசிவிட்டால் அம்மாவுக்கு எந்தச் சட்டமும் உதவாது. டொக்டரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புவதென்றாலும் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

டொக்டர்கள் மாற்றலாகிப் போவார்கள், புதிதாக வருகிறவருக்கு நம்ம கதை தெரியாது. அதனால் இரண்டு தாளையும் மடித்துக் கிளினிக் கொப்பியிலேயே ஒட்டிவிடுகிறேன், பக்கத்தில் அன்றைய அழுத்தம் எவ்வளவு, எந்த மாஸ்க், என்ன மாற்றினார்கள் என்பதையும் எழுதி. போன தடவை இருந்தது வேறொரு டொக்டர். கொப்பியை விரித்து இரண்டு தாளையும் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார், முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கான தாளின் மேலே எழுதி வைத்திருக்கிற கேள்வி இது: விடியற்காலை நாலு மணிக்குப் பிறகு அழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டு அங்கேயே நிற்கிறது, வரம்பை உயர்த்த வேண்டுமா, இல்லை அந்த நேரத்தில் அம்மா மல்லாந்து படுப்பதுதான் காரணமா? மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டை இன்னும் அடைபடும். மெசினுக்கு ஆள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று தெரியாது. ஆகவே நான் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்பிப் பார்த்துத் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன், மல்லாந்தா, இடப்பக்கமா, வலப்பக்கமா என்று.